குளத்து ஆமைக் குஞ்சுகளைக் காக்க, அவற்றை விழுங்கும் பெரிய புல்ஃப்ராக் தவளைகளைப் பிடித்தால் மட்டும் போதுமா?

போதாது. அமெரிக்காவின் மேற்குக் கரைக் குளங்களில் புல்ஃப்ராக் வந்தேறி. அதன் தாயகம் கிழக்குப் பகுதி. பெரிய தவளைகள் தம் இனத்து இளசுகளையே தின்பவை. அவற்றை மட்டும் அகற்றினால் இளசுகள் தப்பிப் பெருகிவிடும்.

முட்டையில் கை வையுங்கள். கோடையில் நீர்ப்பரப்பின் மேல் மெல்லிய ஏடுபோலப் படர்ந்திருக்கும்; ஒரு படலத்தில் 20,000 வரை. சில நாளிலேயே பொரித்துவிடும் என்பதால் வாரம் இருமுறையாவது கரையைச் சுற்றிவந்து நுண்கண் வலையால் அள்ள வேண்டும். கண் பெரிதானால் ஒழுகிவிடும். தலைப்பிரட்டைகள் குளிர்காலத்தையும் நீரிலேயே கழிப்பவை. இலையுதிர்காலத்தில் குளத்தை வற்றவிட முடிந்தால் வேலை பாதி முடிந்தது.

ஆமைக் கணக்கெடுப்புக்கு (முன் அனுமதி கட்டாயம்) வளைய வலைப்பொறி, இரையாகத் துளையிட்ட மத்தி மீன் டப்பா. பொறிக்குள் காலி பாட்டில்களை மிதவையாக இட்டு, மேற்பகுதியை நீருக்கு வெளியே நிறுத்துங்கள். மறந்தால் ஆமை மூச்சுமுட்டிச் சாகும். ஓட்டின் விளிம்புத் தகட்டில் அரத்தால் போடும் சிறு வெட்டுத்தான் ஒவ்வோர் ஆமைக்கும் அடையாள எண். நாணயமளவுக் குஞ்சுக்கு அது வேண்டாம், ஓடு இன்னும் மென்மை.