வனிலா எக்ஸ்ட்ராக்ட் வீட்லயே போடலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கஸ்டர்ட் பத்தி எழுதுனப்போ "எசென்ஸுக்கு பதிலா எக்ஸ்ட்ராக்ட் ஊத்திப் பாருங்க"ன்னு போற போக்குல ஒரு வரி போட்டேன், அவ்வளவுதான், வந்த கேள்வில பாதி வனிலாதான். எசென்ஸ்ங்கறது செயற்கை வாசனை, எக்ஸ்ட்ராக்ட்ங்கறது வனிலா கொடியோட பதப்படுத்துன காயை (பீன்ஸ்னு சொல்றது அதத்தான்) சாராயத்துல ஊறப்போட்டு எடுக்கற சாறு. அதனால இட்லி மாவு ஏன் பொங்கலங்கற கேள்வியெல்லாம் அடுத்த தடவைக்கு தள்ளி வெச்சாச்சு, கோச்சுக்காதீங்க.

அக்கா, ஆன்லைன்ல வனிலா பீன்ஸ் ஒரு பாக்கெட் வாங்கிட்டேன். ஒரு வீடியோல ஃபுல் பாட்டில் வோட்கால ரெண்டு பீன்ஸ் போட்டா போதும்ங்கறாங்க, இன்னொன்னுல ஒரு கப்புக்கு எட்டுங்கறாங்க. யாரை நம்பறது?
– ஒரு வாசகி, திருப்பூர்

எண்ணிக்கையை நம்பாதீங்க, தராசை நம்புங்க. காஞ்சு சுருங்குன பீன் ஒன்றரை கிராம் கூட தேறாது, நல்ல நீளமா கொழுகொழுன்னு இருக்கறது நாலு கிராம் தாண்டும், ரெண்டையும் "ஒண்ணு"ன்னு எண்ணுனா எப்படி? அமெரிக்காவுல எக்ஸ்ட்ராக்ட்னு லேபிள் ஒட்டணும்னா அதுக்கு சட்டமே இருக்கு, ஒரு கேலனுக்கு 13.35 அவுன்ஸ் பீன்ஸ் போட்டிருக்கணும், ஆல்கஹால் 35 சதவீதத்துக்கு கொறையக்கூடாது. நம்ம அளவுக்கு மாத்துனா லிட்டருக்கு 100 கிராம் வருது, அதாவது 100 மில்லிக்கு 10 கிராம். இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. 180 மில்லி குவாட்டர் பாட்டில்னா 18 கிராம், மூணு கிராம் பீன்னா ஆறு போதும். 750 மில்லி ஃபுல் பாட்டில்னா 75 கிராம் வேணும், அதுல ரெண்டு பீன்ஸ் போடுன்னு சொல்றவர் உங்களுக்கு வாசனை வோட்கா போடத்தான் சொல்லித் தர்றாரு.

செய்யறதுல பெருசா ஒண்ணும் இல்ல. பீன்ஸை நீளவாக்குல கீறி விடுங்க, ரெண்டா பிக்க வேணாம், பாட்டில் சின்னதுன்னா துண்டு போட்டுக்கலாம். உள்ள இருக்கற கறுப்பு விதையை சுரண்டி எடுத்துப் போட்டாதான் வாசனைன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, வாசனைல பெரும்பங்கு விதையை சுத்தி இருக்கற உள்சதைலதான் இருக்கு, அதனால காய் முழுசும் உள்ள போகணும். ஈரமில்லாத கண்ணாடி பாட்டில்ல போட்டு, பீன்ஸ் முழுசா முங்கற அளவுக்கு வோட்கா ஊத்தி, இறுக்கி மூடி, வெளிச்சம் படாத அலமாரில வெச்சுடுங்க. ஃப்ரிட்ஜ் வேணாம். வாரத்துக்கு ஒரு தடவை குலுக்கி விடுங்க. ரெண்டு மாசத்துல உபயோகிக்கலாம், ஆறு மாசம் விட்டா நல்லாருக்கும், ஒரு வருஷம் விட்டா ரொம்பவே நல்லாருக்கும்.

வோட்கா விலை கூடினது வேணாம், ஃப்ளேவர் போட்டது மட்டும் கூடாது. நம்மூர்ல விக்கறது பொதுவா 42.8 சதவீதம் இருக்கும், வெளிநாட்டு பாட்டில் 40, ரெண்டுமே சரி. ஸ்ட்ராங்கா இருந்தா சீக்கிரம் எறங்கும்னு 90 சதவீத ஸ்பிரிட் தேடி அலையாதீங்க, வனிலால இருக்கறதெல்லாம் எறங்கறதுக்கு தண்ணியும் வேணும் சாராயமும் வேணும், பாதிக்குப் பாதி கிட்ட இருந்தாதான் வேலை நடக்கும். ரம், பிராந்திலயும் போடலாம், அதோட சொந்த வாசனை சேர்ந்து வரும், பிளம் கேக்குக்கு எனக்கு ரம்லதான் பிடிக்கும்.

இன்னொண்ணு, அடுத்த தடவை வாங்கறப்போ பி கிரேடு பீன்ஸ் கேளுங்க. ஏ கிரேடு பளபளன்னு ஈரமா இருக்கும், அந்த ஈரத்துக்கும் சேத்துதான் காசு குடுக்கறோம். பி கிரேடு கொஞ்சம் காஞ்சிருக்கும், வெடிச்சிருக்கும், பாக்க சுமாரா இருக்கும், ஊறப்போட அதுதான் லாபம்.

எங்க வீட்ல மாமியார் மாமனார் கூட இருக்கோம், டாஸ்மாக் பாட்டில் உள்ள வந்தா வீடு ரெண்டாயிடும். மெடிக்கல் ஷாப்ல விக்கற ஸ்பிரிட்ல போடலாமா? அதுவும் ஆல்கஹால்தானே?
– மதுரை வாசகி

கூடவே கூடாது! சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர், பெயிண்ட் கடை தின்னர் எதுவுமே வாய்க்குள்ள போற பொருள்ல சேரக்கூடாது. யாரும் குடிச்சிடக்கூடாதுன்னே அதுல விஷத்தை கலந்து விக்கறாங்க, சிலது எத்தில் ஆல்கஹாலே கெடையாது. கொஞ்சூண்டுதானேன்னு கூட யோசிக்காதீங்க.

மாமியார்கிட்ட மறைக்கறத விட காமிச்சுடறது நல்லது, இருமல் டானிக் மாதிரிதான், ஒரு கேக்குக்கு ஒரு டீஸ்பூன் போகும், அதுல ஆல்கஹால் ரெண்டு மில்லிதான், கேக்கை பத்து பேர் சாப்பிடுவாங்க. அப்பவும் ஒத்துக்கலைன்னா விட்டுடுங்க, அவங்க வீடும்தானே. கீழ துபாய் வாசகிக்கு சொல்லியிருக்கற வழி உங்களுக்கும் ஆகும்.

ஆல்கஹால் இல்லாம செய்ய முடியுமா அக்கா? பேக் பண்ணா எல்லாம் ஆவியாயிடும்னு சொல்றாங்களே, அப்போ ஹலால் பிரச்சனை இல்லையா?
– துபாய்லேர்ந்து ஒரு வாசகி

எல்லாம் ஆவியாகாதுமா, அது தப்பான நம்பிக்கை. அரை மணி நேரம் ஓவன்ல இருந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்யும், அளவு ரொம்ப கம்மிங்கறது மட்டும் உண்மை. அது கூடுமா கூடாதாங்கறத நான் சொல்லக்கூடாது, உங்க ஆலிம்கிட்ட கேட்டுக்கோங்க.

ஆனா சந்தேகமே இல்லாத வழி இருக்கு. ஃபுட் கிரேடு வெஜிடபிள் கிளிசரின்னு கேட்டு வாங்குங்க, மூணு பங்கு கிளிசரினுக்கு ஒரு பங்கு கொதிச்சு ஆறுன தண்ணி கலந்து, அதே 100 மில்லிக்கு 10 கிராம் கணக்குல, முடிஞ்சா கொஞ்சம் கூடவே பீன்ஸ் போடுங்க. இத மட்டும் வெதுவெதுப்பான தண்ணி பாத்திரத்துக்குள்ள பாட்டிலை வெச்சு சூடு காட்டலாம். தண்ணி சேர்ந்திருக்கறதால இது ஃப்ரிட்ஜ்ல இருக்கட்டும். வோட்காவுல எறங்கற மாதிரி எறங்காது, லேசா இனிக்கும், அத தெரிஞ்சுக்கிட்டு போடுங்க. இவ்வளவு வேலையும் வேணாம்னா ரெண்டு கப் சர்க்கரைக்குள்ள ஒரு பீனை கீறி புதைச்சு ரெண்டு வாரம் மூடி வெச்சுடுங்க, பால் பாயசத்துக்கும் கேக்குக்கும் அந்த சர்க்கரையே போதும். என்னைக் கேட்டா கிளிசரினை விட வனிலா சர்க்கரைதான்.

போட்டு ரெண்டு வாரம் ஆச்சு, கலர் நல்லா காபி டிகாஷன் மாதிரி வந்துடுச்சு, ஆனா மோந்து பாத்தா சாராய நெடிதான் வருது. குக்கர்ல வெச்சு ரெண்டு விசில் விட்டா சீக்கிரம் ஆயிடும்னு தங்கச்சி சொல்றா.
– திருச்சி வாசகர்

தங்கச்சி வாய்ல சர்க்கரையைப் போட்டு குக்கரை தூக்கி மேல வைங்க தம்பி. ஆல்கஹால் 78 டிகிரிலயே கொதிக்க ஆரம்பிச்சுடும், விசில் வழியா வர்றது தீப்புடிக்கற ஆவி, கீழ எரியறது கேஸ் அடுப்பு. வனிலாக்கு ஆசைப்பட்டு சமையல்கட்டை கொளுத்திக்க வேணாம்.

கலர் முதல்ல வந்துடும், அத வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. ரெண்டாவது வாரம் நெடி அடிக்கறது எல்லாருக்கும் நடக்கறதுதான். பாட்டிலை நேரா மோந்து பாக்காதீங்க, முதல்ல ஆல்கஹால்தான் மூக்குல ஏறும். கால் டம்ளர் இளஞ்சூடான பால்ல சர்க்கரை போட்டு சில சொட்டு விட்டு குடிச்சுப் பாருங்க, பால்ல வனிலா தெரிஞ்சா ரெடி. தெரியலைன்னா இன்னும் ஒரு மாசம் அந்தப் பக்கமே போகாதீங்க.

பொள்ளாச்சி பக்கம் எங்க தோப்புல முன்னாடி வனிலா நல்ல விலை போனப்போ அப்பா தென்னைக்கு நடுவுல போட்டாரு. விலை விழுந்ததும் விட்டுட்டோம். இன்னும் சில கொடி கிளைரிசிடியா மரத்து மேல ஏறி பூக்குது, காய் மட்டும் புடிக்கறதே இல்ல. இதுலேர்ந்து வீட்டுக்கு எக்ஸ்ட்ராக்ட் போட முடியுமா?
– ஒரு தோப்புக்காரர்

உங்க கேள்வியைப் பாத்துதான் எனக்கு உற்சாகமே வந்துச்சு. அந்தக் கதை தெரியாதவங்களுக்காக சொல்லிடறேன், 2000-ல மடகாஸ்கர்ல புயல் அடிச்சு வனிலா தோட்டமெல்லாம் நாசமாச்சு, உலகத்துல வனிலாக்கு அவங்கதான் முக்கியம், அதனால விலை ஏறுன ஏத்தத்துல 2003 வாக்குல இங்க பச்சைக் காயே கிலோ ஆயிரக்கணக்குல போச்சு. கேரளா, கர்நாடகா, நம்ம பொள்ளாச்சி ஆனைமலைன்னு எல்லாரும் கொடி நட்டாங்க, கொடி காய்க்க மூணு வருஷம் ஆகும், அதுக்குள்ள மடகாஸ்கர் எந்திரிச்சுடுச்சு, கம்பெனிக்காரங்களும் செயற்கைக்கு போயிட்டாங்க, விலை தலைகுப்புற விழுந்துச்சு. உங்கப்பா மாதிரி எத்தனையோ பேர் வெட்டிப் போட்டாங்க.

காய் புடிக்காததுக்கு உரம் காரணம் இல்ல. வனிலா ஒரு ஆர்க்கிட், ஊரு மெக்சிகோ, அங்க இருக்கற தேனீ இங்க கெடையாது. பூவுக்குள்ள மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவுல மெல்லிசா ஒரு தட்டு மாதிரி மடிப்பு இருக்கும், அத யாராவது தூக்கி விட்டாதான் ரெண்டும் சேரும். இத கண்டுபுடிச்சு உலகத்துக்கே வழி காட்டுனது ரீயூனியன் தீவுல, அப்போ போர்பன் தீவுன்னு பேரு, அடிமையா இருந்த எட்மண்ட் அல்பியுஸ்ங்கற பன்னண்டு வயசுப் பையன், வருஷம் 1841. அதனாலதான் இன்னைக்கும் போர்பன் வனிலாங்கறாங்க, விஸ்கிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஊரே அவன் கண்டுபுடிச்சத வெச்சு சம்பாதிச்சுச்சு, அவரு 1880-ல செத்தப்போ கையில காசு இல்ல.

நீங்களும் அதையேதான் செய்யணும். பூ ஒரு நாள்தான், காலைல விரியும், மத்தியானத்துக்குள்ள வாடிடும். விடிஞ்சதும் போய் ஒரு தென்னை ஈர்க்குச்சியால அந்த மடிப்பை மேல தூக்கி, கட்டை விரலால மகரந்தத்தை கீழ லேசா அழுத்துங்க. ஒரு பூவுக்கு ஒரு காய், அவ்வளவுதான். ஒரு கொத்துல எட்டு பத்துக்கு மேல வேணாம், கொடி தாங்காது.

எட்டு ஒம்போது மாசம் கழிச்சு நுனி மஞ்சளானதும் பறிங்க. பச்சைக் காய்ல வாசனையே இருக்காது, அத அப்படியே வோட்கால போட்டுடாதீங்க. வாசனை பொருள் சர்க்கரையோட கட்டிப் போட்ட மாதிரி உள்ள இருக்கும், பதப்படுத்துனாதான் பிரிஞ்சு வெளிய வரும். 63லேர்ந்து 65 டிகிரி சுடுதண்ணில மூணு நிமிஷம் முக்கி எடுங்க, கொதிக்கற தண்ணி வேணாம், தெர்மாமீட்டர் கண்டிப்பா வேணும். சூடு ஆறறதுக்குள்ள கம்பளில சுத்தி பெட்டிக்குள்ள ஒரு நாள் ஒன்றரை நாள் வைங்க, காய் சாக்லேட் கலருக்கு மாறி வேர்த்திருக்கும். அப்புறம் ஒரு வாரம் பத்து நாள் தினமும் கொஞ்ச நேரம் வெயில்ல காட்டி சூட்டோட திரும்ப சுத்தி வைங்க. அதுக்கப்புறம் நெழல்ல உலர்த்தி, சுருக்கம் விழுந்து விரல்ல சுத்துனா வளையற பதம் வந்ததும் மெழுகுத் தாள்ல கட்டி டப்பால ரெண்டு மூணு மாசம். அஞ்சாறு கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோதான் தேறும். விக்கறதுக்கு இந்தப் பாடு வேணாம்னுதான் சொல்வேன், வீட்டுக்குன்னா தாராளமா செய்யுங்க, பூ முடிஞ்சிடறதுக்குள்ள ஈர்க்குச்சியோட போங்க.

கடைல கிடைக்கற எசென்ஸ் மலிவா இருக்கே, அது பீவர்ங்கற மிருகத்தோட பின்பக்கத்துலேர்ந்து எடுக்கறதுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. உண்மையா? அதனால எக்ஸ்ட்ராக்டுக்கு மாறணுமா?
– சென்னை வாசகி

பீவரை புடிச்சு, அதுக்கு மயக்க ஊசி போட்டு, சுரப்பியைப் பிழிஞ்சு எடுத்து, அத அம்பது ரூவா பாட்டில்ல அடைச்சு எவன்மா விப்பான்? காஸ்டோரியம்னு அப்படி ஒரு பொருள் இருக்கறது நெசம், ஒரு காலத்துல சென்ட்லயும் சில சாப்பாட்டுலயும் துளி போட்டிருக்காங்க, ஆனா அது விலை கூடின சரக்கு, உங்க தெரு மளிகைக் கடை எசென்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. எசென்ஸ்ல இருக்கறது செயற்கை வனிலின், வனிலின்ங்கறது வனிலா வாசனைக்கு முக்கிய காரணமான பொருள். 1874-லயே ஜெர்மனிக்காரங்க ஆய்வகத்துல செஞ்சுட்டாங்க, இப்போ பெரும்பாலும் பெட்ரோலிய மூலப்பொருள்லேர்ந்து வருது, கொஞ்சம் மரக்கூழ்லேர்ந்தும். மூலக்கூறு பீன்ஸ்ல இருக்கற அதே வனிலின்தான், பீன்ஸ்ல அது போக நூத்துக்கணக்குல வேற வாசனைப் பொருள் சேர்ந்திருக்கும், அங்கதான் வித்தியாசம்.

மாறணுமான்னா, எதுக்குன்னு பாத்து மாறுங்க. சாக்லேட் கேக்ல, முட்டை நெடி போக்கறதுக்கு ஸ்பான்ஞ்ல போடறதுல எசென்ஸே போதும், கண்ணைக் கட்டி விட்டா யாருக்கும் தெரியாது. கஸ்டர்ட், ஐஸ்க்ரீம், பன்னா கோட்டா மாதிரி பாலும் சர்க்கரையும் மட்டுமே இருக்கற ஐட்டத்துல எக்ஸ்ட்ராக்ட் தனியா தெரியும், அதையும் அடுப்புலேர்ந்து எறக்குனப்புறம்தான் ஊத்தணும். எசென்ஸ் ஸ்ட்ராங், அரை ஸ்பூன் எசென்ஸ் போட்ட எடத்துல எக்ஸ்ட்ராக்ட் ஒரு ஸ்பூன் தாராளமா போகும். ஐஸ்க்ரீம்ல கறுப்புப் புள்ளி இருந்தா அசல்னு நம்பிடாதீங்க, சாறு எடுத்த சக்கையை அரைச்சும் தூவறாங்க.

பீன்ஸ் மேல வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கு, தூக்கிப் போட்டுடவா? ஊறப்போட்ட பாட்டில்ல வோட்காவுக்கு வெளிய நீட்டிட்டிருக்கற நுனி வேற கொழகொழன்னு ஆயிருக்கு.
– சேலம் வாசகி

வெளிச்சத்துல காட்டுங்க. ஊசி ஊசியா மின்னுனா அது வனிலின் படிகம், நல்ல சரக்குக்கு அடையாளம். பஞ்சு மாதிரி, மங்கலா, பூசண வாடையோட இருந்தா அந்தக் காயை யோசிக்காம எறிஞ்சுடுங்க, அத ஊறப்போட்டு காப்பாத்த பாக்காதீங்க. நுனி கொழகொழங்கறது ஆல்கஹாலுக்கு வெளிய நீட்டிட்டிருந்ததால, நல்ல வாடையா இருந்தா வெட்டி உள்ள தள்ளி முங்கற வரைக்கும் வோட்கா ஊத்துங்க. எடுக்க எடுக்க ஊத்திக்கிட்டே இருக்கலாம்னு சிலர் சொல்வாங்க, ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல வாசனை நீர்த்துப் போயிடும், அப்போ பழைய பீன்ஸை எடுத்து நல்லா காய வெச்சு சர்க்கரையோட மிக்ஸில அடிச்சு வெச்சுக்கிட்டு புதுசு போடுங்க.