முந்நூறு மெயில் வந்தும் ஸ்விட்ச் போனது தெரியவில்லை

கேள்வி: மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஐ.டி. பொறுப்பில் இருக்கிறேன். அலுவலகம், இரண்டு கேட், எடைமேடை, மூன்று கிடங்கு எல்லாம் சேர்த்து 18 நெட்வொர்க் ஸ்விட்ச். அதில் 12 மேனேஜ்டு (தன் நிலையைத் தானே சொல்லக்கூடியவை), 6 சாதாரணம். லிப்ரிஎன்எம்எஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் போட்டு அலர்ட் வைத்தேன். நாளுக்கு 300 மெயில் வருகிறது, யாரும் திறப்பதில்லை. போன மாதம் ராத்திரி 2-ஆம் கேட் ஸ்விட்ச் நின்றது, லாரி டிரைவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் தெரிந்தது. இன்னொன்று: மாலை ஏழு மணிக்கு மேல் சில கேமராக்கள் தானாக அணைந்து, காலையில் தானாக வந்துவிடுகின்றன. எதை எப்படிக் கண்காணிப்பது?

பதில்: மென்பொருளை மாற்ற வேண்டாம். லிப்ரிஎன்எம்எஸ் போதும், ஜாபிக்ஸ் போன்ற வேறொன்றைப் போட்டிருந்தாலும் இதே கதைதான் ஆகியிருக்கும். புலி வருது, புலி வருது என்று 300 தடவை கத்தினால் நிஜப் புலி வரும்போது யார் திரும்பிப் பார்ப்பார்கள்? யாராவது எழுந்து போய் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் மட்டும் அது அலர்ட். மற்றதெல்லாம் கிராஃபில் கிடக்கட்டும், வேண்டியபோது பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் மரம் போல வரையுங்கள்: எந்த ஸ்விட்ச் எதிலிருந்து, எந்த போர்ட் வழியாக வருகிறது என்று. அதன்படி லிப்ரிஎன்எம்எஸ்-இல் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் மேலே இருப்பதை அதன் 'பேரன்ட்' ஆகப் பதியுங்கள். அலுவலக ரேக்கிலுள்ள கோர் ஸ்விட்ச் (மற்றவை எல்லாம் கிளைக்கும் தலைமை ஸ்விட்ச்) போனால் அதன் கீழே இருக்கிற மேனேஜ்டு ஸ்விட்ச் பதினொன்றும் போனதாகத்தான் தெரியும். பேரன்ட் பதிந்திருந்தால் ஒரே செய்தி வரும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. கீழே இருப்பது போனதை மேலே இருப்பதற்கு முன்னாலேயே சர்வர் கண்டுபிடித்துவிடலாம். அப்போது தேவையில்லாத செய்தி முந்திக்கொள்ளும். அதனால் கோருக்கு 2 நிமிடத் தாமதம், மற்றவற்றுக்கு 5 நிமிடம் என்று வையுங்கள். சர்வர் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை விவரம் கேட்கும் வழக்கமான போலிங்கோடு, 1 நிமிடத்துக்கு ஒரு தடவை பிங் மட்டும் (பதில் வருகிறதா என்று) பார்க்கும் வசதியையும் இயக்குங்கள்.

அடுத்தது பெயர். '192.168.10.14 டவுன்' என்று ராத்திரி இரண்டு மணிக்கு செய்தி வந்தால் நைட் ஷிப்ட் ஆள் என்ன செய்வார்? இப்படி வர வேண்டும்: 'கேட் 2 ஸ்விட்ச் போச்சு. எடைமேடை, 6 கேமரா நிற்கும். லைன் வருவது: அலுவலக ரேக் போர்ட் 24. பெட்டி சாவி செக்யூரிட்டி ரூமில்.' ஸ்விட்சின் பெயர், இடம், போர்ட் விவரம் ஆகிய மூன்றையும் ஒழுங்காக நிரப்பி, அலர்ட் டெம்ப்ளேட்டில் சேர்த்தால் இது வந்துவிடும். அரை நாள் வேலை. பலர் செய்யாமல் விடுவதும் இதைத்தான்.

ஸ்விட்சிடம் சர்வர் விவரம் கேட்கும் முறைக்கு எஸ்என்எம்பி என்று பெயர். அதில் பதிப்பு 3 வையுங்கள், படிக்க மட்டும் அனுமதி. பதிப்பு 2-இல் கம்யூனிட்டி சொல் (கடவுச்சொல் போன்றது) வெறும் எழுத்தாகவே வயரில் போகும். பழைய ஸ்விட்ச் 3-ஐத் தாங்காவிட்டால், கண்காணிப்பு சர்வரின் ஐ.பி.யிலிருந்து மட்டும் 161 போர்ட்டுக்குப் பதில் சொல்லும்படி பூட்டுங்கள். ட்ராப்பை (ஸ்விட்ச் தானாக அனுப்பும் செய்தியை) மட்டும் நம்பாதீர்கள். அது யுடிபி, போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத முறை; வழியில் தொலைந்தால் கேட்பார் இல்லை. மேலும், கரன்ட் போன ஸ்விட்ச் எப்படி ட்ராப் அனுப்பும்?

உங்கள் 300 மெயிலில் பெரும்பகுதி 'போர்ட் டவுன்' ஆக இருக்கும். மாலையில் ஊழியர்கள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான். அந்த விதியை அப்லிங்க் (மேல் ஸ்விட்சுக்குப் போகும் லைன்), எடைமேடை, ரெக்கார்டர், சர்வர் போர்ட்டுகளுக்கு மட்டும் வையுங்கள். இன்னொரு பொய் அலர்ட் 'ஸ்விட்ச் ரீபூட் ஆனது'. அப்டைம் (ஓடிய நேரம்) எண்ணும் கவுன்ட்டர் 32 பிட்; சுமார் 497 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். பதினாறு மாதம் நிற்காமல் ஓடிய ஸ்விட்ச் திடீரென்று 'ரீபூட்' என்றால், லாகைப் பார்த்துவிட்டு நம்புங்கள். டிராஃபிக் கவுன்ட்டரிலும் இதே கோளாறு வரும்: 32 பிட் கவுன்ட்டர், ஒரு கிகாபிட் லைன் முழு வேகத்தில் ஓடினால், 34 வினாடியில் சுற்றிவிடும். 5 நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தால் கிராஃபே பொய். 64 பிட் கவுன்ட்டர் எடுக்கிறதா என்று பாருங்கள்.

இனி கேமரா விஷயம். இது பெரும்பாலும் பவர் கணக்கு. பகலில் ஒரு கேமரா 5 வாட் இழுத்தால், இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரிந்து 9, 10 வாட்டுக்குப் போகும். நெட்வொர்க் கேபிளிலேயே கரன்ட்டும் கொடுக்கும் 24 போர்ட் பிஓஇ ஸ்விட்சின் மொத்த பட்ஜெட் 195 வாட் என்று வையுங்கள். பகலில் 24 கேமராவுக்கு 120 வாட், சரி. ராத்திரி 240 வாட்! முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளை ஸ்விட்ச் தானாகவே வெட்டிவிடும். விடிந்து விளக்கு அணைந்ததும் திரும்பக் கொடுக்கும். ஸ்விட்சின் டேட்டாஷீட்டில் மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். 24 போர்ட்டுக்கும் தலா 15.4 வாட் கொடுக்க 370 வாட் வேண்டும். பிஓஇ பயன்பாடு 80 சதவீதத்தைத் தாண்டினால் அலர்ட் வையுங்கள், ராத்திரி எட்டு மணி அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பகலில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். உடனடி நிவாரணம்: கேட், எடைமேடை கேமராக்களுக்கு முன்னுரிமையை உயர்த்துங்கள், மீதியில் சிலதை வேறு ஸ்விட்சுக்கு மாற்றுங்கள்.

வடசென்னையில் கடல் பக்கம் இருப்பவர்கள் எர்ரர் கவுன்ட்டரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் காற்றில் இருக்கும் உப்பு, வெளிப்பெட்டியில் செருகிய ஆர்ஜே-45 கேபிள் முனைகளை மெல்ல அரிக்கும். லைன் ஒரேயடியாகச் சாகாது. முதலில் சிஆர்சி எர்ரர் (வழியில் சிதைந்த டேட்டாவின் எண்ணிக்கை) ஏறும், பிறகு கிகாபிட் 100-க்கு இறங்கும், பிறகுதான் போகும். மொத்த எர்ரர் எண்ணிக்கைக்கு அலர்ட் வைக்காதீர்கள். அது என்றைக்கும் குறையாத எண். 5 நிமிடத்தில் எவ்வளவு கூடியது என்பதற்கு வையுங்கள். 100-இல் தொடங்கி உங்கள் இடத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். அப்லிங்க் வேகம் குறைந்தாலும் அலர்ட் வர வேண்டும். ஒரு முனையில் சிஆர்சி, எதிர்முனையில் லேட் கொலிஷன் (தாமதமாக நடக்கும் டேட்டா மோதல்) என்று வந்தால் கேபிளைத் திட்டாதீர்கள்: ஒரு பக்கம் ஆட்டோ, மறுபக்கம் கையால் 100 ஃபுல் (ஒரே நேரத்தில் இரு திசையும்) என்று வைத்திருப்பார்கள். ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும்.

ஃபைபர் அப்லிங்கில் வந்துசேரும் ஒளியின் அளவை, ஸ்விட்சில் செருகும் ஃபைபர் மாட்யூலான எஸ்எஃப்பி-யே பெரும்பாலும் சொல்லும். இன்று என்ன அளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மைனஸ் 7 டிபிஎம் (ஒளியின் சக்தியை அளக்கும் அலகு) இருந்தால் மைனஸ் 10-இல் எச்சரிக்கை. 3 குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று அர்த்தம். கிகாபிட் எல்எக்ஸ் வகை மாட்யூல் மைனஸ் 19 வரை தாங்க வேண்டும் என்பது தரநிலை, ஆனால் அதுவரை காத்திருப்பது மடத்தனம். இறங்கினால் முதலில் கனெக்டரைத் துடையுங்கள். யார்டு தூசியே பாதிக் காரணம்; மீதி, மடங்கிய பேட்ச் கார்டும் எலியும்.

சிபியு, வெப்பநிலைக்கு ரொம்ப மெனக்கெட வேண்டாம். வெளிப்பெட்டியில் இருப்பதற்கு மட்டும், டேட்டாஷீட் வரம்பிலிருந்து 5 டிகிரி முன்னால் ஒரு அலர்ட். அக்னி நட்சத்திரத்தில் உதவும். சாதாரண ஸ்விட்ச் ஆறுக்கும் எஸ்என்எம்பி கிடையாது. மேலே இருக்கிற மேனேஜ்டு ஸ்விட்சின் போர்ட்டைப் பார்த்தும், பின்னால் இருக்கிற ஒரு கேமராவை பிங் செய்தும் கண்டுகொள்ளுங்கள்.

சிஸ்லாகையும் (ஸ்விட்ச் எழுதும் நிகழ்வுப் பதிவு) அதே சர்வருக்கு அனுப்புங்கள். யாராவது ஒரே கேபிளின் இரு முனையையும் அதே ஸ்விட்சில் செருகி லூப் ஆக்கினால் லாகில்தான் முதலில் தெரியும். 2022 ஏப்ரல் 28-இல் வந்த செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கடிகாரத்தைத் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் என்டிபி (சரியான நேரம் தரும்) சர்வரோடு ஒட்ட வேண்டும்.

யாருக்கு, எப்படிப் போக வேண்டும்? ராத்திரி எழுப்ப வேண்டியவை டெலிகிராம் குழுவுக்கு, மற்றவை காலை ஒன்பது மணிக்கு ஒரே மெயிலில். 15 நிமிடத்தில் யாரும் 'பார்த்துவிட்டேன்' என்று குறிக்காவிட்டால் அடுத்த ஆளுக்கு. எஸ்எம்எஸ் வேண்டுமென்றால் டிஎல்டி பதிவு (நிறுவனங்கள் எஸ்எம்எஸ் அனுப்பத் தேவையான பதிவு), டெம்ப்ளேட் ஒப்புதல் என்று அலைய வேண்டும்; 18 ஸ்விட்சுக்கு அது தேவையில்லை.

கடைசியாக, சர்வரே செத்தால்? 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நம் பக்கம் பல இடங்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. கரன்ட் போன கட்டடத்துக்குள் இருக்கும் சர்வர் யாருக்கும் எதையும் சொல்லாது. அதனால் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று வெளியே ஒரு சேவைக்கு அது சொல்லட்டும். 15 நிமிடம் சத்தம் இல்லையென்றால் அந்தச் சேவை உங்களைக் கூப்பிடும். சர்வர், கோர் ஸ்விட்ச், இன்டர்நெட் மோடம் மூன்றும் ஒரே யூபிஎஸ்-இல் இருக்க வேண்டும். யூபிஎஸ் பேட்டரிக்கு மாறி 2 நிமிடம் கடந்தால் அதுவும் அலர்ட்.

எல்லாம் வைத்தபின், வேலை குறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கோர் ஸ்விட்சிலிருந்து ஒரு கிடங்குக்குப் போகிற ஃபைபரைப் பிடுங்குங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். ஆறு, ஏழு நிமிடத்துக்குள் போனில் ஒரே ஒரு செய்தி வர வேண்டும். நான்கு வந்தால் பேரன்ட் பதிவில் தவறு. ஒன்றுமே வராவிட்டால், 300 மெயில் வந்த அதே பெட்டிக்குத்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.