பரிசோதனைகள் இயல்பாக வந்த பின்னும் நீங்காத படபடப்பு

வணக்கம். ஈசிஜி, எக்கோ எனப்படும் இதய ஸ்கேன், தைராய்டு எனப் பரிசோதனைகள் அனைத்தும் இயல்பாக இருந்தும், இரவில் படுத்தவுடன் நெஞ்சு படபடப்பதாகவும், மணிக்கட்டில் நாடி பார்க்காமல் உறங்க முடிவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் படபடப்பு கற்பனையன்று. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத்துடிப்பை உண்மையாகவே விரைவுபடுத்துகிறது, அதைக் கவனித்து நீங்கள் மேலும் அஞ்சும்போது துடிப்பு மேலும் கூடுகிறது.

நாடி பார்ப்பதும், இணையத்தில் தேடுவதும், வீட்டாரிடம் "ஒன்றும் இருக்காதல்லவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் சற்று நேரம் ஆறுதல் தந்துவிட்டு ஐயத்தை வேரூன்றச் செய்கின்றன. சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இந்தச் சுழலைத்தான் உடைக்க முயல்கிறது. நாடி பார்க்கத் தோன்றும்போது முதலில் பத்து நிமிடம் தள்ளிப்போடுமாறும், அதற்குள் பதற்றம் ஏறி இறங்குவதைக் குறித்து வைக்குமாறும் உளவியலாளர் சொல்லக்கூடும்; பின்னர், உங்கள் மருத்துவரின் ஒப்புதலோடு, அச்சத்தால் தவிர்த்துவந்த மாடிப்படியில் ஏறி, துடிக்கும் நெஞ்சை அப்படியே விட்டுப் பழகச் செய்வார். தொடக்கத்தில் அச்சம் கூடுவதுபோல் தோன்றலாம். தயவுசெய்து அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவர்களை மாற்றி மாற்றி எக்கோ எடுப்பதைவிட, ஒரே மருத்துவரைக் குறித்த இடைவெளியில் பார்ப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மயக்கமோ, நடக்கும்போது நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ புதிதாக வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உளவியலாளரை எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால், இந்திய அரசின் டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.