கிணற்றில் இரண்டு வாளி

அன்புள்ள ஐயா,

ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் மன்னன் முடி துறக்கும் காட்சியை, எலிசபெத் ராணிக்குப் பயந்து தணிக்கையில் வெட்டிவிட்டார்கள் என்று கல்லூரியில் படித்தோம். இப்போது அப்படியில்லை என்கிறார்களாமே? 2019இல் லண்டன் குளோப் நாடக அரங்கில் முழுக்கப் பெண்களே அதை நடித்தார்களாம். வரலாற்று நாடகத்தில் இது சரியா?

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

அந்தக் காட்சியில் ரிச்சர்ட் மகுடத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கத்தைப் பிடி என்று, தன் முடியைப் பறிக்கும் உறவினன் போலிங்புரோக்கைக் கூப்பிடுகிறான். இந்த மகுடம் ஒரு ஆழக் கிணறு, நாம் இரண்டு வாளிகள் என்கிறான். காலி வாளி மேலே ஆடுகிறது, அது நீ. கண்ணீர் நிரம்பி அடியில் கிடப்பது நான்.

1597இல் வந்த முதல் அச்சில் இது இல்லை. ராணி இறந்து ஐந்து வருடம் கழித்து, 1608 பதிப்பில்தான் முதலில் வருகிறது. அதனால்தான் தணிக்கை என்றார்கள். வெட்டியதற்குச் சான்று எங்கே, பின்னால் எழுதிச் சேர்த்திருக்கலாமே என்று கேட்கும் ஆய்வாளர்களும் உண்டு. 1608 பிரதிகள் சிலவற்றின் முகப்பே 'புதிய சேர்க்கை' என்றுதான் சொல்கிறது. அச்சுக்காரர் விற்பனைக்காக அப்படிப் போட்டிருக்கலாம், அது வேறு விஷயம்.

எனக்கு ஒரு வரி இடிக்கிறது. முடி துறக்கும் காட்சி இல்லாத 1597 அச்சிலும், எல்லோரும் போன பிறகு மடாதிபதி, துயரமான காட்சியைக் கண்டோம் என்கிறார். எதைக் கண்டார்? அந்த அச்சில் அதற்குமுன் நடப்பது ஒரு பிஷப்பின் கைது மட்டும்தான். இருந்ததை எடுத்துவிட்டு, இதை எடுக்க மறந்த மாதிரி இருக்கிறது. நான் இன்னும் 'வெட்டினார்கள்' கட்சிதான்.

பயப்படவும் காரணம் இருந்தது. 1601 பிப்ரவரி 7 அன்று எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் 40 ஷில்லிங் கூடுதலாகக் கொடுத்து ரிச்சர்ட் நாடகத்தை ஆடவைத்தார்கள். இதே நாடகம்தான் என்பது பலர் கருத்து. பழைய நாடகம், கூட்டம் வராது என்று நடிகர்கள் முதலில் தயங்கினார்களாம். மறுநாள் ராணிக்கு எதிராகக் கலகம். அந்த மாதமே எசெக்ஸின் தலை போனது. நடிகர்கள் தப்பித்தார்கள்.

சரி, பெண்கள் விஷயம். அஜோவா ஆண்டோ ரிச்சர்டாக நடித்து, லினெட் லின்டனோடு சேர்ந்து இயக்கியது அது. நடித்தவர்கள் எல்லோரும் வெள்ளையரல்லாத பெண்கள். வரலாறு கெட்டுவிட்டதா என்கிறீர்கள். ரிச்சர்ட் முடி துறந்த 1399இல் அவன் ராணி இசபெல்லாவுக்கு 9 வயது. ஷேக்ஸ்பியர் அவளை வளர்ந்த பெண்ணாக்கிக் கணவனுக்காக அழவிட்டார். பெண் வேடத்தைப் பையன்களே கட்டிய அந்தக் காலத்தில், அந்த வேடத்தைக் கட்டியவன் ஒரு பையன்.