டாப்ளரில் தெரிகிற நிறமெல்லாம் ரத்தமா? – கேள்வி பதில்

டாப்ளர் என்பது ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்தை வைத்து, ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் காட்டும் ஸ்கேன்.

தக்கலையில் ஸ்கேன் சென்டரில் புதிதாகச் சேர்ந்த தம்பி: அண்ணாச்சி, கழுத்துக் கரோட்டிட் ரத்தக்குழாயைப் பார்க்கும்போது சிவப்புக்கு நடுவே திடீரென்று நீலம் வருது. ரத்தம் திரும்பி ஓடுதா?

பெரும்பாலும் இல்லை, தம்பி. அது அலியாசிங், அதாவது மெஷினின் எல்லையைத் தாண்டிய வேகம் தவறான நிறத்தில் தெரிவது. மெஷின் நொடிக்கு எத்தனை ஒலித்துடிப்பு அனுப்புகிறதோ, அதில் பாதி வரைக்கும்தான் அதிர்வெண் மாற்றத்தைச் சரியாக அளக்கும். அதைத் தாண்டினால் ஸ்கேலின் (அளக்கும் வேக வரம்பின்) மேல்முனையில் வெட்டுப்பட்டு, கீழ்முனையில் முளைக்கும். நிறம் மாறும் இடத்தை உற்றுப் பார். சிவப்பு, மஞ்சள், வெளிர்நீலம், நீலம் என்று இடைவெளி இல்லாமல் போனால் அலியாசிங். நடுவில் கறுப்புக் கோடு இருந்தால் திசை மாறியிருக்கிறது. ஸ்கேலை ஏற்று, போதாவிட்டால் பேஸ்லைனை (சுழியக் கோட்டை) நகர்த்து. அப்படியும் அடங்காத இடம் குழாய் சுருங்கிய இடமாக இருக்கலாம். அங்கேயே ஸ்பெக்ட்ரல் டாப்ளரை (வேகத்தை அலைக்கோடாகக் காட்டும் முறையை) வைத்து வேகத்தை அள.

மார்த்தாண்டம் அக்கா: ஒரே ஆளுக்கு இரண்டு ஸ்கேன் சென்டரில் இரண்டு ரத்த வேகம். எதை நம்ப?

இரண்டிலும் ஒலிக்கற்றைக்கும் ரத்த ஓட்டத்துக்கும் நடுவிலான கோணத்தைப் பாருங்கள், அக்கா. மெஷினில் 60 டிகிரி என்று வைத்து, உண்மையில் 65 ஆக இருந்தால் வேகம் சுமார் 15 சதவீதம் குறைத்துக் காட்டும். அதே 5 டிகிரி பிசகு 30-இல் நடந்தால் 5 சதவீதம்தான். அதனால்தான் 60-ஐத் தாண்டாதே என்று சொல்வது. 90-க்குப் போனால் நல்ல குழாயே காலியாகத் தெரியும். ‘அடைப்பு’ என்று எழுதும் முன் ப்ரோபை (உடம்பில் வைக்கும் கருவியை) சற்றுச் சாய்த்துப் பார்த்துவிடுங்கள்.

குளச்சல் அண்ணன்: கிட்னிக் கல் மின்னுதுன்னு ரிப்போர்ட்டில் போட்டிருக்கு. கல்லுக்குள்ள ரத்தமா?

கல்லில் ஏது ரத்தம்! கரடுமுரடான பரப்பில் ஒலி பட்டால் பின்னால் நிறங்கள் கலந்து சிதறும், ட்விங்க்ளிங் என்பார்கள். சிறு கல்லைக் கண்டுபிடிக்க எங்களுக்கு உதவும் பொய் இது. எல்லாக் கல்லும் மின்னாது.

நாகர்கோவில் தம்பி: மனைவிக்கு ஏழாம் மாதம். ஸ்கேனில் நீலமாகத் தெரிவது கெட்ட ரத்தமா?

இல்லப்பா. பொதுவாக ப்ரோபை நோக்கி வந்தால் சிவப்பு, விலகினால் நீலம். ஒரு பட்டனைத் தட்டினால் தலைகீழ். அப்புறம், தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தின் அலைக்கோடு ஏறி இறங்கித் தெரிந்தால் பதறாதீர்கள். குழந்தை மூச்சு அசைவு செய்யும்போது அப்படி வரும். அது அடங்கும்வரை காத்திருந்துதான் அளப்போம்.