டெல்டாவில் முதன்முதலாகச் செம்மறி வளர்க்கப் போகிறோம், எந்த இனம் வாங்கலாம்?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது: திருத்துறைப்பூண்டி பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு பசு, அம்மா, நீங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள். ஆடு வளர்த்த பழக்கம் இல்லை. ஐந்தாறு செம்மறி வாங்கலாம் என்று யூடியூப் பார்த்து, மேச்சேரியா டார்பரா என்று குழம்பியிருக்கிறீர்கள்.

நான் மன்னார்குடிக்குத் தெற்கே, அதே களிமண்ணில், பத்து வருஷமாகச் செம்மறி வைத்திருக்கிறேன். முதல் வருஷமே பாதியைக் குழி வெட்டிப் புதைத்தவன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

2015 சித்திரையில் மேற்கே ஒரு சந்தைக்குப் போய் எட்டு மேச்சேரிப் பெட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தோம். வெளிர் சிவப்பு நிறம், குட்டை மயிர், கொம்பு கிடையாது. வீட்டு வாசலில் வண்டியிலிருந்து குதித்தபோது மான்குட்டி மாதிரி இருந்தன. ஆவணி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வரப்பில் மேய்ந்தன, தென்னந்தோப்பில் படுத்தன, ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஐப்பசி அடைமழை பிடித்தது. நாலாம் நாள் ஒரு ஆடு முன்காலை மடக்கி, முட்டி போட்டுக்கொண்டு மேய்ந்தது. முட்டி போட்டு மேய்கிற ஆட்டை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, வேடிக்கையாகக்கூட இருந்தது. குளம்பை விரித்துப் பார்த்தால் இரண்டு விரலுக்கும் நடுவில் களிமண் கெட்டித்து, அதன் அடியில் தோல் வெளுத்து ஊறிப் போயிருந்தது. நாற்றம் கையை விட்டு இரண்டு நாள் போகவில்லை. குளம்பு அழுகல். ஒரு வாரத்தில் மூன்று ஆடு நொண்டியது. அதையாவது சமாளித்தோம். தை பிறந்து மழை ஓய்ந்தபிறகு, இனிமேல் பயமில்லை என்று இருந்தபோது, தாடைக்குக் கீழே தண்ணீர் கோர்த்துப் பை மாதிரி தொங்க ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் கண் இமையைக் கீழே இழுத்துக் காட்டினார். உள்ளே ரத்தமே இல்லை, சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுப்பு. ஈரல் தட்டைப்புழு. எட்டில் நாலு மிஞ்சியது.

மேச்சேரி மேல் ஒரு தப்பும் இல்லை. அருமையான கறி ஆடு, தோலுக்கும் வியாபாரத்தில் தனி மதிப்பு. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் அது சேலம், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கத்து ஆடு. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் முளைத்த மேட்டுக்காட்டில், கால் நனையாமல் வளர்ந்த பரம்பரை. அதைக் கொண்டுவந்து வாய்க்கால் ஓரத்தில் விட்டது நாங்கள்.

வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் எங்கள் வயலில் கிடை போட, அதாவது ராத்திரி மந்தையை வயலில் அடைத்து எரு சேர்க்க, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒரு கீதாரி (மந்தை ஓட்டி வருகிறவர்) வருவார். அந்த மாசியில் வந்தவர், மிஞ்சின நாலையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "அய்யா, நாங்களே மேட்டூர்த் தண்ணி வாரதுக்குள்ள ஊரப் பாத்துப் போயிர்றோம். நீங்க தண்ணிக்குள்ளயே வச்சு வளக்குறீகளே."

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம் டெல்டாவுக்கென்று மாடு உண்டு. உம்பளச்சேரி, சேற்றிலே உழுவதற்கென்றே உருவான மாடு. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொருக்கையில் அரசுப் பண்ணையே இருக்கிறது. ஆனால் நமக்கென்று ஒரு செம்மறி இனம் கிடையாது. ராமநாதபுரத்துக்கு வெள்ளை, வேம்பூருக்குப் பொட்டு ஆடு, செங்கல்பட்டுக்குச் சென்னைச் சிவப்பு, பெரம்பலூர் பக்கம் திருச்சி கருப்பு என்று சுற்றிலும் இருக்கிறது, நடுவில் நமக்கு இல்லை. செம்மறி இங்கே விருந்தாளியாகத்தான் வந்தது. வயல் காய்ந்ததும் வரும், எருவைப் போட்டுவிட்டுத் தண்ணீர் வருமுன் போய்விடும். "ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்" என்று சொல்லி நம் ஆட்கள் நெல்லும் காசும் கொடுத்துக் கிடை போட்டார்களே தவிர, சொந்தமாக வளர்க்கவில்லை. அதற்குக் காரணம் இருந்திருக்கிறது.

(சேற்றுக்கென்றே ஒரு செம்மறி இருக்கிறது, அதுவும் ஒரு டெல்டாவில். வங்காளத்துச் சுந்தரவனத்தில் கரோல் என்று ஒன்று. சின்ன உருவம், தண்ணீருக்குள் நின்று மேயும், இரட்டைக் குட்டி போடும். அந்த இரட்டைக் குட்டி குணத்தை எடுத்துத்தான் மகாராஷ்டிரத்தில் நாரி சுவர்ணா ஆட்டை உருவாக்கினார்கள். ஆனால் அதை உருவாக்கியது தக்காணத்து மேட்டு நிலத்துக்கு. "இரட்டைக் குட்டி" விளம்பரத்தைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். இரண்டு குட்டிக்குத் தாயிடம் பால் வேண்டும், அதற்குத் தீனி வேண்டும், ராத்திரி எழுந்து புட்டிப்பால் கொடுக்க ஆள் வேண்டும். டார்பர் தென்னாப்பிரிக்காவில் வறண்ட நிலத்துக்காக உண்டாக்கியது. விலையைப் பார்த்தால் அதைப் பற்றி இதற்குமேல் எழுத வேண்டியதில்லை.)

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

டெல்டா என்றாலும் எல்லாம் ஒரே மண் இல்லை. 1934-இல் வந்த கல்லணைக் கால்வாய், அதாவது புது ஆறு பாய்கிற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் பெரும்பாலும் செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும். மழை விட்ட மறுநாள் கால் வைக்கலாம். அங்கே இருந்தால் மேச்சேரியைத் தாராளமாக வாங்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் இருப்பது பழைய டெல்டா, கார்த்திகையில் வரப்பே தண்ணீருக்குள் போகிற இடம். உங்களுக்கு என் பதில்: இனச் சுத்தம் பார்க்காமல், டெல்டாவிலேயே பிறந்து, குறைந்தது ஒரு ஐப்பசி கார்த்திகையைத் தாண்டிய, ராமநாதபுரம் வெள்ளைச் சாயல் உள்ள பெட்டைகள் நாலு அல்லது ஐந்து. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துச் சிற்றூர்களில் வீட்டுக்குப் பத்து இருபது என்று வைத்திருக்கிறார்கள். கிடை ஆட்டின் குட்டிகள் இங்கேயே தங்கிக் கலந்து வந்தவைதான் பலவும். வெள்ளை உடம்பில் எங்கேயாவது ஒரு சிவப்புத் திட்டு இருக்கும். யாரும் அதற்கு இனப் பெயர் சொல்ல மாட்டார்கள், பரவாயில்லை.

சுத்தமான இனம்தான் வேண்டும் என்றால் சென்னைச் சிவப்பு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்து ஆடு. அங்கேயும் நெல்தான், ஏரிதான், நம்மைப் போலவே ஐப்பசி கார்த்திகை மழைதான். காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகம் அதை வைத்திருக்கிறது. மேச்சேரியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இரண்டும் சிவப்பு, ஆனால் சென்னைச் சிவப்புக் கிடாவுக்குக் கொம்பு இருக்கும்.

கிடா உங்களுக்கு இப்போது வேண்டாம். ஒரு கிடா இருபது பெட்டைக்கும் மேலேயே தாங்கும். ஐந்துக்காக அதற்குத் தீனி போடுவது தண்டம். பக்கத்தில் யாரிடமாவது ராமநாதபுரம் வெள்ளைக் கிடா இருந்தால் பேசி வையுங்கள். முறுக்குக் கொம்புக் கிடாக் குட்டிக்குப் பக்ரீத் சமயத்தில் முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் பக்கம் தனி கிராக்கி. கொம்பு உடைந்தால் அந்தக் கிராக்கி போச்சு.

வரவுக் கணக்கு சின்னதுதான். சினை ஐந்து மாதம், ஈத்துக்கு அநேகமாக ஒரு குட்டி, நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருஷத்தில் மூன்று ஈத்து. ஐந்து பெட்டைக்குக் காகிதத்தில் வருஷம் ஏழு குட்டி, கையில் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஏக்கருக்கு எரு வாங்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு நிற்கும்.

ஆடு வாங்குவதற்கு முன்னால் பரண் கட்டுங்கள். தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரம், மூங்கிலோ பனஞ்சட்டமோ, புழுக்கை கீழே விழுகிற அளவுக்கு இடைவெளி. குட்டியின் கால் மாட்டக்கூடாது. ஆட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு சதுர அடி. கூரையைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16 காலையில் எங்கள் பரணின் கூரை பக்கத்து வீட்டுத் தென்னையில் கிடந்தது. ஆடுகள் எங்களோடு கூடத்தில் நின்றிருந்தன.

மழைக்காலத்தில் காலை ஏழு மணிக்கு அவிழ்த்துவிடாதீர்கள். தட்டைப்புழுவின் கதை இதுதான்: முட்டை ஆட்டுப் புழுக்கையோடு தண்ணீரில் விழும், வாய்க்கால் நத்தைக்குள் போய் வளரும், வெளியே வந்து தண்ணீர் ஓரத்துப் புல்லில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். வாய்க்கால் ஓரம்தானே பச்சையாக இருக்கிறது என்று நாமே ஓட்டிக்கொண்டு போய் விடுவோம். பனி காய்ந்து பத்து மணிக்குமேல், மேடான இடத்தில் மட்டும் மேயட்டும். அடைமழை நாளில் பரணிலேயே வைத்து அகத்தி, பூவரசு, கிளுவைத் தழையை ஒடித்துக் கட்டுங்கள். கோடையில் உளுந்துப் பொட்டும் கடலைக்கொடியும் சேர்த்து வைத்தால் கார்த்திகையில் கை கொடுக்கும். கடையில் "பூச்சி மருந்து" என்று பொதுவாகக் கேட்டு வாங்கி ஊற்றினால் தட்டைப்புழு சாகும் என்று நம்பாதீர்கள். புழுக்கையை ஒரு பொட்டலத்தில் கட்டிக் கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். அல்பெண்டசோலைப் புதுச் சினைக்குக் கொடுக்கக் கூடாது.

குளம்புக்கு மருந்து உங்கள் வீட்டிலேயே இருக்கும். நடவுக்கு முன் வயலுக்கு வாங்குகிற சிங்க் சல்பேட். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ கரைத்து, அகலத் தட்டில் ஊற்றி, களிமண்ணைச் சுத்தமாக எடுத்துவிட்டு ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள், குடிக்க விடாதீர்கள், பிறகு காய்ந்த இடத்தில் விடுங்கள். மயில்துத்தம் (தாமிர சல்பேட்) கரைப்பவர்களும் உண்டு. செம்மறிக்குத் தாமிரம் ஆகாது, நாக்கால் நக்கினாலே ஆபத்து, நான் தொடுவதில்லை.

தடுப்பூசியில் ஆட்டுக்கொல்லியும் (பி.பி.ஆர்.) துள்ளுமாரியும் (குடல் நச்சு நோய்) தவறக்கூடாது. துள்ளுமாரி ஊசி மழைக்கு முன்பே. நீலநாக்கு நோயைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். மழைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சி கடித்துப் பரப்புவது. 1997-98-இல் தமிழ்நாட்டில் செம்மறிகளை வாரிக்கொண்டு போனது அதுதான். முகம் வீங்கி, எச்சில் ஒழுகி, நொண்டினால் அன்றைக்கே போன் செய்யுங்கள்.

அப்புறம், பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் ஒன்று. 2019 பொங்கல் முடிந்து களத்தில் நெல் குவித்திருந்தோம். இரண்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் விடிய விடியத் தின்றிருக்கிறது. காலையில் வயிறு பறை மாதிரி விறைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை விலாவில் வைத்துப் படுத்திருந்தன. ஒன்று பிழைத்தது. நெல் மட்டுமில்லை, மிச்சச் சோறும் அப்படித்தான். இரைப்பைக்குள் புளித்து அமிலமாகிவிடும். பிள்ளைகள் ஆசையாகப் பொங்கலை வாரி ஊட்டும். தழை ஊட்டச் சொல்லிப் பழக்குங்கள்.

வாங்குவது தை, மாசியில். அப்போது மழையைத் தாண்டிய ஆடு எது, தாண்டாத ஆடு எது என்று உடம்பிலேயே தெரியும். நிலைப்பல் இரண்டோ நாலோ முளைத்த இளம் ஆடாகப் பாருங்கள். கண் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும். தாடைக்குக் கீழே தடவிப் பாருங்கள். நாலு குளம்பையும் விரித்து மோந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள். கடைசியாக, போன மழையில் எத்தனை செத்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்பவரிடம் நான் வாங்குவதில்லை.

2016-இல் தலைஞாயிறு பக்கம் ஒரு அம்மாவிடம் இதைக் கேட்டேன். "ரெண்டு போச்சு தம்பி, ஒண்ணு கழிச்சலு, இன்னொண்ணு நொண்டி நொண்டி" என்று சொல்லிவிட்டு, எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள், காது கிழிந்த அந்தக் கிழட்டு ஆட்டை மட்டும் கேட்காதே என்றார். ஏழு மழை பார்த்த ஆடாம். எவ்வளவு பேசியும் தரவில்லை. அதன் பெண் குட்டிகள் இரண்டைக் கொடுத்தார். இப்போது என் பரணில் நிற்பதில் பாதிக்குமேல் அந்த இரண்டின் வழி வந்தவை.