காஸ்டர் கோயில் தூண்கள் ரோஜா நிறமாகித் தட்டையாகத் தெரிவது பற்றி

ரோமில் இடிந்து மூன்று தூண்களாக நிற்கும் காஸ்டர் கோயிலைச் சிவப்பு, வெள்ளைச் சுண்ணக்கட்டிகளால் வரைந்ததில், தூண்கள் ரோஜா நிறமாகித் தட்டையாகத் தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள். சிவப்பின் மேல் வெள்ளைச் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். இரண்டு தூளும் கலப்பதால்தான் வெளிச்சம் விழ வேண்டிய இடமெல்லாம் ரோஜா நிறக் குழம்பாகிவிடுகிறது. நீங்கள் எடுத்திருப்பது சாம்பல் நிறத் தாள். நடுத்தர நிழலை அந்தத் தாளே தந்துவிடும். சிவப்புக் கட்டி நிழலுக்கு; வெள்ளைக் கட்டி, வெயில் நேராகப் படும் விளிம்புக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவே வெறும் தாள் தெரியட்டும்.

தட்டையாகத் தெரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: மூன்று தூண்களிலும் நீளவாக்கில் செதுக்கிய பள்ளக்கோடுகளை ஒரே அழுத்தத்தில் இழுத்திருப்பீர்கள். வெயில் நிழலாக மாறும் அந்தக் குறுகிய பட்டையில் மட்டும் கட்டியின் கூரான முனையால் அழுத்தி வரையுங்கள். வெயில் பக்கத்தில் கோடுகள் அறுந்து மறையட்டும். 1754 முதல் 1765 வரை ரோமில் வாழ்ந்த பிரெஞ்சு ஓவியர் யூபேர் ரொபேரின் சிவப்புச் சுண்ண ஓவியங்களைப் பாருங்கள். வெயிலைப் பெரும்பாலும் தொடாத தாளாகவே விட்டிருப்பார். எனக்கு அவற்றில் அலுப்பே வருவதில்லை.

சோதித்துப் பார்க்க: படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் புகைப்படம் எடுங்கள். தூண்களும் வானமும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், தூணைத் தொடாமல் பின்னணியை இருட்டாக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை: தூள் உதிராமலிருக்க அடிக்கும் ஸ்பிரே வெள்ளையை மங்கச் செய்யும், சிவப்பைக் கருமையாக்கும். முதலில் அதே தாளின் துண்டில் அடித்துப் பாருங்கள். வெள்ளையை ஸ்பிரே காய்ந்த பிறகு கடைசியாக வையுங்கள்.